சுக்குக் கிடங்குச் சுரங்கப்பாதை பற்றிய எழுத்துமூல விளக்கம்

பஜார் ரோடு, மட்டாஞ்சேரி.
கர்க்கடகம் (நம் ஆடி) பன்னிரண்டு, மழை சற்று மூச்சு வாங்கும் காலை.

சிரஞ்சீவி சாய்கிருஷ்ணாவுக்கு, உன் அம்மாவின் ஒரே தம்பியும், கொச்சி சுக்குத் தரகர்களில் அனுபவத்தாலும் குரலாலும் முதல் ஆளுமான வெங்கிட்டு மாமா இரண்டு கைகளையும் தூக்கி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் மாமி கமலாக்ஷி, என் ரத்தக்கொதிப்பு மூவரும் சௌக்கியம். சென்னையில் நீயும் உன் டி.வி. நிலையமும் சௌக்கியமாயிருக்க பகவதியிடம் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். நிலையம் அவ்வளவு சௌக்கியமாக இல்லை என்று நேற்று நீ போனில் அழமாட்டாத குறையாகச் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்னதில் நான் புரிந்துகொண்டது இது. போன செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் சுக்குக் கிடங்கின் சுவர் விழுந்து அமீருதீன் அடியில் மாட்டிக்கொண்டான். மூணே முக்கால் மணி நேரம் கழித்து அவனை வெளியே எடுத்தார்கள். எடுத்த அந்த நிமிஷத்தில் உன் சேனல் அவனைக் காட்டாமல் படகுத்துறையில் ஒரு சாக்கடை வாயைக் காட்டிக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு மணி நாற்பது நிமிடமாக, விளம்பர இடைவேளையோடு. இதற்கெல்லாம் காரணமான 'நேரில் கண்ட சாட்சி', கிராபிக்ஸ் பிரிவில் படம் வரையும் உன்னுடைய சொந்தத் தாய்மாமன் என்று எவனோ உன் பெரிய ஆபீசரிடம் கோள் சொல்லிவிட்டான். 'அந்தச் சாட்சி எழுத்துமூலம் விளக்கம் தரட்டும்' என்று அவர் சொல்லியிருக்கிறார். தந்துவிட்டால் போயிற்று. நான் எட்டாம் கிளாஸ் படித்தவன். உன் அம்மா ஏழு என்பாள். எட்டாம் கிளாஸ் வாசல்வரை போய், உள்ளே கூட்டம் அதிகம் என்று திரும்பிவிட்டேன், ஆகவே எட்டுதான். என் தமிழ் முழுக்கப் பொட்டலம் கட்டி வந்த வாரப்பத்திரிகைக் காகிதங்களில் படித்துச் சேர்த்தது. பிழை இருந்தால் திருத்தாதே. ஆபீசுக்குப் போகும் காகிதத்தில் இரண்டாவது கை பட்டால் அதன் கம்பீரம் போய்விடும்.

முதலில் அமீருதீனை உன் ஆபீசருக்கு அறிமுகம் செய்துவை. கிடங்கில் எடை போடுகிறவன். பாலக்காட்டிலிருந்து அவன் தாத்தா காலத்தில் வந்த ராவுத்தர் குடும்பம், வீட்டில் நம்மைப் போலத் தமிழ்தான். அவன் மனைவி மரியம் அதே கிடங்கின் முற்றத்தில் உட்கார்ந்து சுக்குத் தரம் பிரிக்கிறவள். உள்ளே இவன் தராசில் ஒவ்வொரு மூட்டையை ஏற்றும்போதும் கையிலிருக்கும் சாக்குக் கொக்கியால் இரும்புக் கம்பத்தில் ஒரு தட்டுத் தட்டுவான். வெளியே அவள் எண்ணிக்கையைக் கூவுவாள். முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லும் வழக்கம் எங்கள் பஜாரில் கிடையாது, லாபம் என்றுதான் தொடங்குவோம். லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று போகும். இருபது வருஷமாக இந்தப் புருஷனும் பெண்சாதியும் ஒரு சுவரை நடுவில் வைத்துக்கொண்டு பேசிக்கொள்கிற பாஷை இதுதான். கொக்கிச் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டால் 'காலையில என்ன கோவம் உங்களுக்கு?' என்று அவள் முற்றத்திலிருந்து கேட்பாள். நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பகல் ஒன்று பத்து. ஐந்தாம் நாளாக விடாத மழை. நான் கிடங்குக்கு நேர் எதிரே, ஐந்தடி தூரத்தில், குடையோடு நின்றிருந்தேன். மேலே பார்த்தேன். சுவர் வயிறு தள்ளி நின்றது. 'ஓடுங்கோடா!' என்று நான் போட்ட ஒரு சத்தத்தில் தெருவிலிருந்த நாற்பது பேர் உயிர் பிழைத்தார்கள், ஒரு லாரி தானாகவே பின்னால் நகர்ந்தது. கிழக்குச் சுவரும் பாதிக் கூரையும் உள்பக்கமாகச் சரிந்தன. ஒரு செங்கல் என் காதோரமாகப் பறந்து போனது. தூசி அடங்கியபோது தெருவெல்லாம் சுக்கு வாசனை, எல்லோருக்கும் தும்மல், உள்ளே அமீருதீன்.

கால் மணியில் ஃபயர் போர்ஸ் வந்துவிட்டது. ஸ்டேஷன் ஆபீசர் பெயர் சிவராமகிருஷ்ணன், பாலக்காட்டுக் கொல்லங்கோட்டுக்காரர், நம் பாஷை பேசுகிறவர். சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: 'மெஷின் வெச்சு இழுத்தா மிச்சச் சுவரும் அவன் மேலதான் விழும். கையாலதான் எடுக்கணும். எங்க கிடக்கறான்னு தெரிஞ்சா அரை மணி வேலை. தெரியாம கை வெக்க முடியாது.' அத்தனை பெரிய கிடங்கு, ஆள் உயரத்துக்கு மண்ணும் ஓடும் மூட்டையும். எந்த மூலையில் என்று தேடுவது? காதுதான் ஒரே வழி. அவன் குரல் கொடுக்க வேண்டும், இவர்கள் கேட்க வேண்டும். இதை உன் ஆபீசர் அடிக்கோடு போட்டுப் படிக்கட்டும்.

ஆனால் அதற்குள் உங்கள் அதிதி வந்துவிட்டாள். உன் சேனலின் கொச்சி நிருபர், கலூர்ப் பெண், கெட்டிக்காரி. இரண்டாவது தீயணைப்பு வண்டிக்கு முன்னால் அவளுடைய வண்டி வந்து, ஃபயர் போர்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அவள் இறங்கியதும் சுற்றுமுற்றும் பார்த்தாள். அத்தனை கூட்டத்தில் யார் முகம் சாட்சி முகம் என்று அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. என் சட்டைக் காலரில் கோலிக்குண்டு அளவில் ஒரு மைக்கைக் குத்தினாள்.

'அங்கிள், நேரில் கண்டீங்களா?'

'கண்டேனாவா? என் கண்ணுக்கு முன்னாலயாக்கும் விழுந்தது!'

'உள்ளே எத்தனை பேர்?'

'பதினாலு பேர்.'

சாய்கிருஷ்ணா, இதில் பொய் எங்கே இருக்கிறது? அந்தக் கிடங்குக்கு உள்ளே வேலை செய்கிறவர்கள் பதினாலு பேர்தான். சுவர் விழுந்த சமயத்தில் அதில் பதின்மூன்று பேர் சாப்பிடப் போயிருந்தார்கள் என்பது வேறு விஷயம், அதை அவள் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் சாட்சியின் தர்மம். அடுத்த ஐந்து நிமிடத்தில் மேலும் எட்டுச் சேனல்கள். அவர்கள் எல்லோருக்கும் நான் அதையே சொன்னேன், ஒரு எழுத்து மாற்றாமல். இரண்டாவது சேனலுக்கு மட்டும் செங்கல் என் காதோரமாகப் போகாமல் தோளில் பட்டதாகச் சொன்னேன்.

தொண்டை வறண்டு சாயாக்கடைக்குப் போனேன். அங்கே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்து, வயலின் அழுகை, அலறுகிற தலைப்பு: 'பதினாலு பேர் உயிரோடு புதைந்தனர்.' 'ஐயோ, பதினாலு பேரா!' என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தன் என்றல்லவா நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம்! டி.வி.யே சொல்கிறதென்றால் விசாரிக்காமலா சொல்லும்? அடுத்த சேனலைத் திருப்பினால் பதினேழு. அவர்களும் பதினாலு என்று சொன்னால் பார்க்கிறவன் எதற்காக அங்கிருந்து இங்கே வருவான்? மூன்றாவது சேனலில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது, 'பிராணவாயு தீர இன்னும் இரண்டு மணி பதினோரு நிமிடம்.' அமீருதீனுடைய மூச்சை எந்த மூட்டையில் வைத்து எடை போட்டார்களோ தெரியாது. நான்காவதில் ஒரு பையன் தரையில் மல்லாந்து படுத்து, மேலே நாலு சாக்கைப் போட்டுக்கொண்டு, உள்ளே இருப்பது எப்படி இருக்கும் என்று சாக்குக்கு அடியிலிருந்து பேசிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் பேசினான்.

என் பக்கத்தில் லோடிங் வேலை பார்க்கும் சஜ்ஜாத் பழம்பொரி கடித்துக்கொண்டு நின்றான். 'சாமி, யாரு இந்தப் பதினாலு பேரு?' என்றான். 'உங்க கூட்டம்தாண்டா' என்றேன். 'நாங்க பதிமூணு பேரும் சோறு தின்னுட்டு இங்கேல்லா நிக்கறோம்!' என்று கத்திக்கொண்டு நேரே அதிதியிடம் ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: 'சேட்டா, லைவ் போகுது. நீங்க பதிமூணு பேரும் ஃபிரேம்ல இருந்து ஒண்ணு மாறி நில்லுங்க. இறந்தவங்களோட சொந்தக்காரங்க நிக்கட்டும்.' செத்தவர்கள் பதின்மூன்று பேரும் மரியாதையாக ஓரமாகப் போய் நின்று, தங்களைப் பற்றிய செய்தியைச் செல்போனில் பார்த்தார்கள். சஜ்ஜாதின் மாமனார் ஆலுவாவிலிருந்து அழுதுகொண்டே போன் செய்தார். அவன் எடுத்து ஹலோ சொன்னதும், அந்த வீட்டில் பயந்துபோய்ப் போனை வைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் சிரிப்பு. மரியம் வந்த பிறகு நடந்ததில் சிரிப்பு இல்லை.

சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தவள் மழையில் ஓடிவந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. அவள் மண்குவியலைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்பது மைக்குகள் அவள் முகத்துக்கு வந்துவிட்டன. 'இப்போ உங்க மனசுல என்ன தோணுது?' அவள் மைக்குகளுக்கு இடையில் எட்டி மண்குவியலைத் தேடினாள். 'கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னார்?' அந்தக் கேள்வி அவளுக்குப் புரிந்த மாதிரியே தெரியவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவள், யோசித்து, 'மீனு வாங்கச் சொன்னாரு' என்றாள். சாயாக்கடை டி.வி.யில் உடனே வந்துவிட்டது: 'நிறைவேறாத கடைசி ஆசை.' பக்கத்தில் ஒரு மீன் படம். அந்த மீனை வரைந்தது நீயா என்று நான் கேட்கமாட்டேன். நீயாக இருந்தால் அது அயிலை இல்லை, ரோகு. ரோகுவை இங்கே யாரும் கடைசி ஆசையாகக் கேட்கமாட்டார்கள்.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மண்குவியலில் காதை வைத்தாள். இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். 'தட்டுறாரு' என்றாள். 'லேசாக் கேக்குது. எங்கேன்னு தெரியல. படச்சவனே, கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்! எல்லாரும் சும்மா இருங்க!' யார் சும்மா இருந்தார்கள்? ஒன்பது வண்டியின் ஜெனரேட்டர். ஒன்பது நிருபர்களும் ஒரே சமயத்தில், 'மனைவி கதறுகிறார், மனைவி கதறுகிறார்' என்று கதறினார்கள். நடுவில் நான் பத்தாவதாக வந்த ஒரு பத்திரிகைக்காரனுக்குச் செங்கல் விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். சிவராமகிருஷ்ணன் என் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தார். என் பேச்சில் அவ்வளவு லயிப்பு. அந்த நிலையிலும் ஒரு ரசிகர்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அந்த ஆபீசர் இரண்டு கையையும் கூப்பி, 'சாமி, இவாளையெல்லாம் இங்கேருந்து கொண்டுபோக நீங்க ஒருத்தரால மட்டும்தான் முடியும்' என்று என்னிடம் கெஞ்சாத குறை. உன் மாமியும் அந்தச் சமயத்தில் குடையோடு வந்து காதில் ஏதோ வீட்டு விஷயம் சொன்னாள், அது இங்கே தேவையில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதிதியைப் பார்த்து உரக்கக் கேட்டேன்:

'எல்லாரும் இங்க நின்னா, அவன் வெளியில வரும்போது படம் யாருக்குக் கிடைக்கும்?'

'வெளியிலயா? எங்கே?'

'சுரங்கம் வழியாத்தான். வேற எங்கே? இந்தக் கிடங்குக்கு அடியிலேருந்து படகுத்துறைக்கு ஒரு சுரங்கம் போறது. என் கொள்ளுத்தாத்தா காலத்துல ராஜாவுக்கு வரி கட்டாம மிளகு கடத்தறதுக்காகத் தோண்டினது. அமீருதீனுக்கு மூலை முடுக்கெல்லாம் தெரியும். இந்நேரம் பாதி தூரம் வந்திருப்பன்.'

கொள்ளுத்தாத்தாவை நான் பார்த்ததில்லை, சுரங்கத்தையும் பார்த்ததில்லை. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே இருட்டில் அந்தச் செங்கல் வளைவும் மிளகு வாசனையும் தெரிந்தது. அதிதி ஓடினாள். ஒரு சேனல் ஓடினால் மற்றவர்கள் என்ன ஏது என்று கேட்பார்களா? வண்டி, விளக்கு, ஜெனரேட்டர், குடை பிடிக்கிற ஆள், சாக்குக்கு அடியில் படுத்திருந்த பையன், எல்லோரும் பஜார் ரோடு வழியாக என் பின்னால் ஓடினார்கள். ஊர்வலத்துக்கு முன்னால் யானை போகிற மாதிரி நான் போனேன்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் காயலில் வந்து விழும் பழைய சாக்கடை ஒன்று இருக்கிறது. வாய்க்கு வளைவு கட்டியிருக்கும். அதைக் காட்டினேன். ஒன்பது கேமராவும் அதன் வாய்க்கு எதிரே வரிசையாக நின்றன, பல்வைத்தியர்கள் மாதிரி. 'சுரங்கத்தின் முகப்பிலிருந்து நேரலை' என்று ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற ஒரு இன்ஜினியரைப் போனில் பிடித்தார்கள். சுரங்கத்தின் நீளம் என்ன என்று கேட்டதற்கு அவர், 'இருக்கிறதா என்று முதலில்...' என்று இழுத்தார். லைன் துண்டித்துவிட்டது. அரை மணி நேரத்தில் உன் சேனலில் சுரங்கத்தின் படமே வந்துவிட்டது. என்ன அழகு! நான் சொல்லாத திருப்பமெல்லாம் அதில் இருந்தது. இரண்டு இடத்தில் சுவரில் தீப்பந்தம் வேறு சொருகியிருந்தாய். நான் ஒரு வாய்ச்சொல் சொன்னேன், நீ அதற்குக் கதவு ஜன்னல் வைத்தாய். இந்தக் கைராசி உனக்கு உன் அப்பா பக்கத்திலிருந்து வரவில்லை, அதை மட்டும் தெரிந்துகொள்.

இருபதாவது நிமிடத்தில் 'சுரங்கத்தில் அசைவு!' ஒரு நண்டு. ஐம்பதாவது நிமிடத்தில் 'முதல் உயிர் வெளியே வந்தது!' ஒரு பூனை. அது வெளியே வந்து அத்தனை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டது. உள்ளே நிலைமை எப்படி என்று அந்தப் பூனையின் நடையை வைத்து அதிதி ஏழு நிமிடம் பேசினாள். வேறு யாராவது ஏழு நிமிடம் பேசியிருக்க முடியுமா? என்னைத் தவிர முடியாது. நான் பேசினேன். கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு குதிரை கொடுத்தேன், சுரங்கத்துக்குள் ஒரு கிளைச் சுரங்கம் கொடுத்தேன். யாராவது ஒருவன் கேமராவைக் கிடங்குப் பக்கம் திருப்பப் பார்த்தால், உடனே 'அதோ கேக்கறது, காலடிச் சத்தம்!' என்பேன். திரும்பமாட்டான்.

இந்தப் பக்கம் கிடங்கில் நடந்ததை நான் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தவன் போலவே சொல்கிறேன். நாங்கள் போனதும் தெருவில் ஒரு அமைதி விழுந்ததாம். அந்தத் தெரு பிறந்ததிலிருந்து அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லையாம். ஆட்டோக்காரர்கள் எஞ்சினை அணைத்தார்கள். பதின்மூன்று லோடிங்காரர்களும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சாயாக்கடைக்காரன் டி.வி.யை நிறுத்திவிட்டுத் தம்ளர் கழுவுவதையும் நிறுத்தினான். மழைகூட அந்த நேரம் பார்த்துத் தூறலானது. அப்போது கேட்டதாம், அடியிலிருந்து, டொக். முதலில் வந்ததுபோல் லேசாக இல்லை, நல்ல பலமாக. டொக், டொக், டொக் என்று வெறி பிடித்த மாதிரி. அடிபட்டவன் தட்டு அது, எந்தத் திசை என்று பிடிபடவில்லை. சிவராமகிருஷ்ணன் மரியத்தைப் பார்த்தார். மரியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தினமும் முற்றத்தில் உட்காரும் இடத்திலேயே போய் நின்று, தினமும் கூவுகிற அதே குரலில் கூவினாள்:

'லாபம்!'

தட்டு நின்றுவிட்டது. பிறகு, நிதானமாக, ஒரே ஒரு டொக்.

'ரெண்டு!' டொக். 'மூணு!' டொக். இருபது வருஷப் பழக்கம் பார், அவள் கூப்பிட்டால் அவன் கொக்கி தானாக எழும். அவள் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓரடி நகர்ந்தாள், ஆபீசரும் மூன்று ஆட்களும் மண்ணில் காது வைத்து நகர்ந்தார்கள். பதினெட்டாவது எண்ணில் இடம் தெரிந்துவிட்டது. தராசுக் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் சுக்கு மூட்டைகள் கூடாரம் மாதிரி சாய்ந்து நின்று, ஓர் ஆள் முடங்கிக் கிடக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தன. கையாலேயே எடுத்தார்கள். அவள் எண்ணுவதை நிறுத்தவே இல்லை. நானூற்றுச் சொச்சத்தில் அவன் கை தெரிந்ததாம். அப்போதும் அந்தக் கையில் கொக்கி. வலது கால் முறிவு, தோள்பட்டை எலும்பு முறிவு, தலை முழுக்கச் சுக்குத்தூள். மணி நாலு ஐம்பத்தைந்து.

தெருவே போட்ட ஆரவாரம் படகுத்துறைக்குக் கேட்டது. ஒன்பது கேமராவும் திரும்பி ஓடி வந்தன. அதற்குள் அவனை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆம்புலன்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். அதிதி மூச்சு வாங்க ஆபீசரிடம் கேட்டாள்: 'சார், ஸ்ட்ரெச்சரை ஒரு பத்தடி பின்னால கொண்டுபோயிட்டு இன்னும் ஒருதரம் கொண்டு வருவீங்களா? எடுக்கிற ஷாட் யாருக்கும் கிடைக்கல.' சிவராமகிருஷ்ணன் இடிந்த கிடங்கைக் கைகாட்டினார். 'தாராளமா. மொதல்ல நீங்க போய் உள்ள படுங்கோ. உங்க மேல அந்தச் சுவரைத் தள்ளறோம். அப்புறம் ரெண்டு பேரையும் சேர்த்து எடுத்துடலாம்' என்றார். ஆம்புலன்ஸ் கதவு மூடியது. மரியம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அழுத அழுகை ஒரு சேனலிலும் வரவில்லை. அதை இந்த ஊரில் பார்த்தவர்கள் இருபது பேர்கூட இருக்கமாட்டார்கள்.

ஆகவே உன் பெரிய ஆபீசரிடம் சொல்: சாட்சி பொய் சொன்னான், தெரிந்து, திட்டமிட்டு, ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டி, தளபதி மாதிரி நின்று சொன்னான். அவர் பதக்கம் ஏதும் அனுப்ப நினைத்தால் வேண்டாம் என்று சொல். வற்புறுத்தினால் வாங்கி வை. அமீருதீன் சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டான். மரியம் அயிலை வறுத்துக் கொடுத்து அவன் கடைசி ஆசையை நிறைவேற்றிவிட்டாள், இனி அவன் புதிதாக ஒன்று யோசிக்க வேண்டும். பாலக்காட்டில் உன் அம்மாவுக்கு என் நமஸ்காரம், எட்டாம் கிளாஸ் விஷயத்தையும் ஞாபகப்படுத்து. உனக்கு வேலை நிலைக்கவும், சீக்கிரம் ஒரு நல்ல இடத்தில் பெண் அமையவும், நீ வரைகிற சுரங்கமெல்லாம் வெளிச்சத்தில் முடியவும் மட்டாஞ்சேரியிலிருந்து மனமாரச் சொல்லிக்கொள்ளும்

உன் மாமா,
சுக்குத் தரகர் வெங்கிட்டு.

பின்குறிப்பு: சாய்கிருஷ்ணா, இது மாமி எழுதுவது. ஒட்டித் தபாலில் போடு என்று என் கையில் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன்.

சுவர் விழுந்தபோது உன் மாமா எதிரே நிற்கவில்லை. வீட்டில் இரண்டாம் தடவை மோர்க்குழம்பு போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு எச்சில் கையோடு ஓடினார். அந்த ஆபீசர் இவரிடம் கை கூப்பவும் இல்லை. என்னிடம் வந்துதான் சொன்னார்: 'மாமி, சேனல்காராளை நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன். இந்தச் சாமியை மட்டும் எங்கேயாவது கூட்டிண்டு போங்கோ. ஜெனரேட்டர் சத்தத்துக்குள்ளயாவது ஏதாவது கேக்கும், இவர் சத்தத்துக்குள்ள ஒண்ணும் கேக்கலை.' அதனால்தான் குடையோடு போய் இவர் காதில், 'படகுத்துறையில வெளிச்சம் நன்னா இருக்காம், அங்க நின்னு பேசினா டி.வி.ல உங்க முகம் எடுப்பா விழுமாம்' என்று சொன்னேன். அடுத்த நொடியே கிளம்பிவிட்டார். அவர்களுடைய மைக் இவர் சட்டையில் இருந்ததால் அந்தப் பெண் பின்னால் ஓடினாள், அவளைப் பார்த்து மற்றவர்கள் ஓடினார்கள். எங்கே போகிறோம் என்று பாதி வழியில் அவள் கேட்ட பிறகுதான் சுரங்கம் பிறந்தது.

ஆபீசில் இந்தக் கடிதத்தைக் கொடுக்காதே. கொடுத்தால் திரும்ப கேமராவோடு வருவார்கள். 'சாட்சி அந்தச் சமயத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்' என்று ஒரு வரி எழுதி நீயே கொடுத்துவிடு, உண்மையும் அதுதான்.

இன்னொன்று. நேற்று அமீருதீனைப் பார்க்கப் போயிருந்தேன். மரியம் உள்ளே சாயா போட்டுக்கொண்டிருந்தாள். அவன் மெல்லச் சொன்னான்: 'மாமி, அடியில கிடக்கறப்போ எனக்கு வேற ஒண்ணும் கேக்கல. மொதல்ல மரியம் கூப்பிட்டதும் கேக்கல. சாமி சத்தம் மட்டும் நல்லாக் கேட்டுச்சு. பதினாலு பேருன்னு சொன்னாரு. மத்த பதிமூணு பேரும் என் பக்கத்துல எங்கேயோ கிடக்கறாங்கன்னு நெனச்சு ஒவ்வொருத்தன் பேரா சொல்லிக் கூப்பிட்டுட்டே கிடந்தேன். கொக்கியை அப்பப்போ லேசாத் தட்டினதோட சரி. அப்புறம் திடீர்னு சாமி சத்தம் நின்னுபோச்சு. வெங்கிட்டு சாமி பேச்சு நிக்கணும்னா என்ன அர்த்தம் மாமி? மிச்சச் சுவரும் விழுந்து சாமியும் உள்ள போயிட்டாருன்னுதானே? அப்பதான் கொக்கியை எடுத்து இருக்கிற பலத்தையெல்லாம் சேத்துத் தட்டினேன். எனக்காக இல்ல, சாமியை வந்து எடுங்கன்னு.'

இதை உன் மாமாவிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே. தான் வாயை மூடியதால்தான் ஓர் உயிர் பிழைத்தது என்று தெரிந்தால், ஆயுசு முழுக்க அதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.